மார்ச்சு 31-க்குப் பின் ஒரு மாதம்

அரியலூர் இருமுறை பிறந்த மாவட்டம். திருச்சிராப்பள்ளி மாவட்டம் 1995-இல் மூன்றாகப் பிரிந்தபோது பெரம்பலூரோடு சேர்ந்து வெளிவந்த அப்பகுதி, 2001 ஜனவரி 1-ஆம் தேதி தனி மாவட்டமாக்கப்பட்டு, 2002 மார்ச்சு 31-ஆம் தேதி பெரம்பலூரோடு மறுபடியும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23-ஆம் தேதி இரண்டாம் முறையாகத் தனித்து நின்றது. இந்த மூன்று தேதிகளையும் எதிரே வைத்துக்கொண்டு, முதற்பிறவியில் அம்மாவட்டம் எத்தனை காலம் இருந்தது என்று கேட்டால், ஊர்ப் பெரியவர் விரல்விட்டு எண்ணி, ‘ஒன்றேகால் வருஷம்’ என்பார். பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கேட்டால் 454 நாள் என்று விடை வரும். கடைசி நாளையும் சேர்த்தெண்ணும் குமாஸ்தா 455 என்று எழுதுவார். ஜாவா மொழியோ ஓராண்டு, இரண்டு மாதம், முப்பது நாள் என்று கூறும். நால்வரில் எவரும் பொய் சொல்லவில்லை; ஆயினும் நால்வரும் ஒரே கேள்விக்குத்தான் விடை சொன்னார்களா என்பதை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நிரல்மொழி ஒவ்வொன்றும் தன்னோடு கூடவே ஒரு கருவித் தொகுதியைக் கொண்டுவருகிறது. ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று நிரலர்கள் சொல்லும் அத்தொகுதியில், எழுத்துகளைக் கோப்பதற்கும் கோப்புகளைத் திறப்பதற்கும் உள்ள கருவிகளோடு, தேதிகளைக் கூட்டவும் கழிக்கவும் ஆன கருவியும் ஒன்று இருக்கும். வட்டிக் கணக்கு, ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை, வண்டிக் காப்பீடு எல்லாம் கடைசியில் இக்கருவியின் கையில்தான் வந்து விழுகின்றன. எண்களைக் கூட்டுவதைப் போலவே தேதிகளையும் கூட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் அதைக் கையாள்பவர்கள் பலர். அந்த நம்பிக்கை பாதி உண்மை; மெய்யான பாதியையும் மெய்யல்லாத பாதியையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மெய்யான பாதி நாள் எண்ணிக்கை. ஒரு குறித்த நாளைத் தொடக்கமாக வைத்து, அதிலிருந்து இன்றுவரை கழிந்த நாள்களை இடைவிடாமல் எண்ணிக்கொண்டு வந்தால், எந்த இரு தேதிகளுக்கும் இடைப்பட்ட தூரம் வெறும் கழித்தலாகிவிடும். யூனிக்ஸ் கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொள்கின்றன. அக்கணக்கில் அரியலூர் மறுபிறவி எடுத்த 2007 நவம்பர் 23 என்பது 13,840-ஆம் எண். நம் சோதிட சாஸ்திரமோ கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102 பிப்ரவரி 18-ஐத் தொடக்கமாக்கி, கழிந்த நாள் தொகையை அகர்க்கணம் என்று வழங்குகிறது. அக்கணக்கில் அதே நாள் 18,65,962. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 18,52,122 என்ற மாறாத ஓர் எண் மாத்திரமே. அதைக் கூட்டினால் கணிப்பொறியின் நாள் பஞ்சாங்கக்காரரின் நாளாகிறது, கழித்தால் பஞ்சாங்கக்காரரின் நாள் கணிப்பொறியின் நாளாகிறது. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பது மரபு. 18,65,962-ஐ ஏழால் வகுத்தால் மிச்சமில்லை. ஆகவே 2007 நவம்பர் 23-உம் வெள்ளிக்கிழமையே என்பது நாட்காட்டியைத் திருப்பாமலே தெரிந்துவிடுகிறது.

அந்தத் தேதிக்கு அரியலூரில் இன்னொரு நினைவும் உண்டு. 1956 நவம்பர் 23-ஆம் தேதி, பொழுது புலருமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மாவட்டம் இரண்டாம் முறை உதயமானது அன்றிலிருந்து சரியாக ஐம்பத்தொன்றாம் ஆண்டு நிறைவில். இடையே 12 லீப் தினங்கள் வந்திருப்பதால் மொத்தம் 18,627 நாள். அதுவும் ஏழால் மிச்சமின்றி வகுபடும். ஆதலால் அந்த நாளும் வெள்ளிக்கிழமையே. ஆனால் நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால்தான் இந்த முடிவு நிற்கும். சூரியோதயத்திலிருந்து நாளை எண்ணும் பஞ்சாங்க முறையில், விடியுமுன் நடந்த அவ்விபத்து வியாழக்கிழமையைச் சேர்ந்தது. இது பழைய காலத்து நுணுக்கம் என்று நகைக்க வேண்டியதில்லை: இன்றைக்கு அரியலூர் மருத்துவமனையில் அதிகாலை நான்கு மணிக்குப் பிறக்கும் குழந்தையின் பிறந்த நேரத்தை, இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் கணிப்பொறி சேமித்து, அதிலிருந்து தேதியை மட்டும் உருவி எடுக்குமாயின், குழந்தை முந்தின நாளே பிறந்துவிட்டதாகச் சான்றிதழ் அச்சாகும். நாளின் எல்லை எங்கே என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளாத கணக்கு, எவ்வளவு சுத்தமாகக் கழித்தாலும் ஒரு நாள் பிசகத்தான் செய்யும்.

நாள் எண்ணிக்கையின் வன்மையை நம்மவர் எவ்வளவு தூரம் கொண்டு சென்றனர் என்பதற்கு வாக்கியப் பஞ்சாங்கமே சான்று. லெப்டினன்ட் கர்னல் ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற பெருநூலில், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்க் கணிதர் ஒருவர், காகிதமும் மையும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே கிரகண காலத்தைக் கணித்துக் காட்டியதை விவரித்திருக்கிறார். அம்முறையில் சந்திரனைக் கண்டுபிடிக்கும் முதற்படி முழுக்க முழுக்க மிச்சக் கணக்கு. கலி நாள் தொகையிலிருந்து 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சியதை 12,372-ஆலும், அதில் மிஞ்சியதை 3,031-ஆலும், கடைசியாக 248-ஆலும் வகுக்க வேண்டும். நம் 18,65,962-ஐ எடுத்துக்கொண்டால், முதற்கழித்தலில் 2,64,978. 12,372-ஐ இருபத்தொரு முறை நீக்க 5,166. 3,031-ஐ ஒருமுறை நீக்க 2,135. 248-ஐ எட்டு முறை நீக்க 151. சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்துபோகும் சுற்று ஏறக்குறைய 248 நாளில் ஒன்பது முறை நிறைவதால், 248 வாக்கியங்களை நெட்டுருச் செய்தவருக்கு அன்றைய சந்திரகதி 151-ஆம் வாக்கியத்தில் ஆயத்தமாக இருக்கிறது. நிரலர்கள் முன்கூட்டிக் கணித்து வைத்த அட்டவணையில் எண்ணைக் கொண்டு தேடுவது என்று சொல்லும் உத்திதான் இது. ஞாபகசக்தி மனிதருடையது என்பதே பேதம்.

இனி மெய்யல்லாத பாதிக்கு வருவோம். 2002 மார்ச்சு 31-க்குப் பின் ஒரு மாதம் கழித்து வருவது எந்தத் தேதி? ஏப்ரல் 31 என்றொரு நாள் உலகில் இல்லை. ஜாவாவின் புதிய தேதித் தொகுதி, இல்லாத நாளைக் கண்டதும் பின்வாங்கி ஏப்ரல் 30 என்கிறது. சி மொழியும் ஜாவாஸ்கிரிப்டும் கோ மொழியும் வழிந்த ஒரு நாளை அடுத்த மாதத்தில் தள்ளி மே 1 என்கின்றன. ஆரக்கிள் தரவுத்தளத்தின் வழக்கம் இன்னும் விசித்திரமானது: புறப்பட்ட நாள் மாதத்தின் கடைசி நாளாக இருந்தால், போய்ச் சேரும் நாளும் கடைசி நாளாகவே இருக்கவேண்டும் என்பது அதன் விதி, எனவே ஏப்ரல் 30-உடன் ஒரு மாதம் கூட்டினால் அது மே 31 என்று சொல்லும், ஜாவா மே 30 என்று சொல்லும். பைத்தான் மொழியில் 2003-ஆம் ஆண்டு வெளியான 2.3-ஆம் பதிப்பில் தேதித் தொகுதி சேர்ந்தபோது, கால இடைவெளியை நாள், வினாடி, வினாடியின் நுண்பகுதி ஆகிய மூன்றாலேயே குறிக்கும்படி வைத்தார்கள். மாதம் என்ற அளவுக்கு அதில் இடமே இல்லை. குறை என்று பலர் முணுமுணுத்தாலும், எனக்கு அது விவேகமாகவே படுகிறது. அளவு மாறாதவற்றை மட்டும் அளவுகோலில் பொறித்துவிட்டு, மாறுவனவற்றை உபயோகிப்பவரின் பொறுப்புக்கு விட்டிருக்கிறார்கள்.

மாதக் கூட்டலின் கோளாறு, விடை இரண்டாக வருவதோடு நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற கூட்டல் விதிகளே அங்கே செல்லுபடியாவதில்லை. மார்ச்சு 31-உடன் ஒரு மாதம் கூட்டி ஏப்ரல் 30-ஐ அடைந்து, அங்கிருந்து ஒரு மாதம் கழித்தால் வந்து சேர்வது மார்ச்சு 30. ஒரு நாள் வழியில் காணாமற்போயிற்று. ஜனவரி 31-உடன் இரண்டு மாதத்தை ஒரேயடியாகக் கூட்டினால் மார்ச்சு 31. ஒவ்வொன்றாக இருமுறை கூட்டினால், பிப்ரவரி 28-இல் மோதி, மார்ச்சு 28. மாதத் தவணை வசூலிக்கும் கணக்கை எழுதுபவர் சென்ற தவணைத் தேதியிலிருந்து அடுத்ததைக் கணிக்காமல், முதல் தேதியிலிருந்தே ஒவ்வொரு தவணையையும் கணிக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். 1996-இல் வெளியான ஜாவாவின் முதல் தேதித் தொகுதி மாதங்களைச் சுழியத்திலிருந்தும் ஆண்டுகளை 1900-இலிருந்தும் எண்ணியதால் விளைந்த இடர்கள் தனிக்கதை. நாள் தூரத்துக்கு ஓர் உருவும், ஆண்டு-மாத-நாள் தூரத்துக்கு வேறோர் உருவும் வேண்டும் என்று தெளிந்து, 2014-இல் எட்டாம் பதிப்பில் ஸ்டீபன் கோல்போர்ன் முதலியோரின் முயற்சியால் அதைப் புதுக்கிக் கட்டினார்கள்.

நம் சௌரமான மாதங்களோ இதைவிடக் கடினமானவை. அவற்றின் நீளத்தை ஜூலியஸ் சீசரோ போப்பாண்டவரோ விதிக்கவில்லை. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலமே மாதம். ஆனி முப்பத்தொன்றரை நாளுக்கும் மேல். மார்கழி இருபத்தொன்பது நாளுக்குச் சற்றே மேல். சங்கிராந்தி சூரியாஸ்தமனத்துக்கு முன் நேர்ந்தால் அன்றே மாதப்பிறப்பு, பின் நேர்ந்தால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு விதி. கேரளத்திலும் வங்காளத்திலும் ஒடிசாவிலும் வேறு வேறு எல்லைகள். ஆதலால் ஒரே சூரியன் ஒரே ராசியில் புகுந்தும், மாதத்தின் முதல் நாள் மாகாணத்துக்கு மாகாணம் மாறக்கூடும். டெர்ஷோவிட்ஸும் ரைன்கோல்டும் உலக நாட்காட்டிகளை எல்லாம் கணிப்பொறிக்கேற்ற சூத்திரங்களாக்கி 1997-இல் நூலாக வெளியிட்டபோது, எல்லா நாட்காட்டிகளையும் ஒரே நாளெண்ணில் கொண்டுவந்து இணைத்தார்கள். பைத்தான் தன் நாளெண்ணை வரையறுக்கும் இடத்தில் அந்நூலையே பிரமாணமாகச் சுட்டுகிறது. அந்த எண்ணில் நம் 2007 நவம்பர் 23 என்பது 7,33,003.

ஜயங்கொண்டத்துக்கு அருகே, கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரனின் பிறந்தநாளாக ஆடித் திருவாதிரை இன்று அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. 2025-இல் அவன் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையும் ஒட்டி ஜூலை 23 முதல் 27 வரை நடந்த விழாவின் இறுதி நாளில் பிரதமரும் வந்திருந்தார். ஒரு சௌர மாதத்தையும் ஒரு சந்திர நட்சத்திரத்தையும் கோத்துச் சொல்லும் இத்தகைய நாளை ஆங்கிலத் தேதியாக எழுதிவைத்துக்கொள்ள இயலாது. ஆண்டுதோறும் புதிதாகக் கணிக்க வேண்டும். சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகின்றன. எந்தத் தமிழ் மாதமும் அதைவிட நீண்டது. ஆகையால் ஆடியில் திருவாதிரை வராமற்போவதற்கில்லை. ஆனால் ஆடி முப்பத்தொரு நாளுக்கும் மேற்பட்டதாகையால், முதல் மூன்று நான்கு நாளுக்குள் திருவாதிரை வந்துவிட்டால், மாத முடிவில் அது மறுபடியும் வரும். இரண்டில் எது பிறந்தநாள்? வானம் இதற்கு விடை சொல்லாது, சம்பிரதாயந்தான் சொல்லவேண்டும். திதி விஷயத்தில் நிலைமை நேர்மாறு: சாந்திர மாதம் இருபத்தொன்பதரை நாள், மார்கழி அதனினும் குறைவு, ஆகவே ஏதேனும் ஒரு திதி மார்கழியில் அகப்படாமலே நழுவிவிடுவதும் உண்டு. ஏப்ரல் 31-ஐத் தேடும் நிரலருக்கு நேர்ந்த சங்கடத்தை நம் முன்னோர் வேறொரு வாயிலில் சந்தித்திருக்கிறார்கள்.

அதே சோழபுரத்தை ஆண்டவனின் ஆட்சித் தொடக்கத்தைக் கண்டுபிடித்ததும் தேதிக் கணிதத்தின் சாதனையே. சோழர் கல்வெட்டுகள் சகாப்தத்தைப் பெரும்பாலும் கூறுவதில்லை. இன்ன அரசர்க்கு யாண்டு இத்தனையாவது என்று மட்டும் தொடங்கும். கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் வாலிகண்டபுரத்திலும் உள்ள கல்வெட்டுகளைப் படிப்பவர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். (பாண்டியரோ ‘இரண்டாவதற்கு எதிர் மூன்றாவது’ என்று கூட்டாமலே எழுதிவைத்துப் படிப்பவரைக் கூட்டிக்கொள்ளச் சொல்வர், கல்வெட்டாய்வாளர்கள் தம்மை எத்தனை முறை சபிப்பார்கள் என்பது தெரியாமலே அவர்கள் போய்விட்டார்கள்.) ஆயினும் சில கல்வெட்டுகள் மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கின்றன. ஒரு குறித்த கிழமையும் ஒரு குறித்த நட்சத்திரமும் ஒன்றாகக் கூடுவது சராசரியாக 189 நாளுக்கு ஒருமுறைதான். திதியும் மாதமும் சேர்ந்தால் சந்தேகம் மிகவும் குறுகிவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் இவ்வாறு ஒவ்வொரு கல்வெட்டையும் ஒரு நாளில் பொருத்தி, அந்நாளிலிருந்து ஆட்சியாண்டுகளைக் கழித்து, ஒவ்வொன்றும் தரும் கால எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொதுவான பகுதியை மட்டும் நிறுத்தி, இராசேந்திரன் அரசெய்தியது 1012 மார்ச்சு 27-க்கும் ஜூலை 7-க்கும் இடைப்பட்ட காலம் என்று வரையறுத்தார். அதன்பின் திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் திதியும் நட்சத்திரமும் தரும் பெரும் அட்டவணைத் தொகுதியை 1922-இல் வெளியிட்டு, ஒவ்வொரு ஆய்வாளரும் தனித்தனியே கணக்கிடும் சிரமத்தைத் தீர்த்தார். நிரல்மொழிகள் பிறப்பதற்கு முன்பே தமிழர் ஒருவர் கல்வெட்டாய்வுக்குச் செய்து கொடுத்த ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று அதைச் சொல்வதில் மிகையில்லை.

கீல்ஹார்ன் கூறும் 1012 மார்ச்சு 27-ஐ அப்படியே பைத்தானில் எழுதிக் கிழமை கேட்டால் பிழைபட்ட விடையே வரும். அறிஞர் எழுதியது சீசரின் பழைய நாட்காட்டித் தேதி. பைத்தானோ 1582-இல் வந்த கிரெகோரி திருத்தத்தை முதலாம் ஆண்டு வரைக்கும் பின்னோக்கி நீட்டிக் கணிக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் ஆறு நாள் வித்தியாசம். அன்றியும் பைத்தானில் முதலாம் ஆண்டுக்கு முற்பட்ட காலமே கிடையாது. கலியுகத் தொடக்கத்தை அது ஏற்காது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பன்னிரண்டு கோடி ஆண்டு மரத்துக்கு எங்கே போவது!

இரு நாட்காட்டிகள் முரண்படுவதற்குப் பெரம்பலூர்ப் பக்கத்திலேயே இன்னும் அண்மையான உதாரணம் இருக்கிறது. ரஞ்சன்குடிக் கோட்டையைச் சார்ந்து 1751-இல் நடந்த வாலிகொண்டா யுத்தத்தில், ஒருபுறம் ஆங்கிலேயர் துணையோடு முகம்மது அலியும், மறுபுறம் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபும் மோதினார்கள். பிரெஞ்சுக்காரர் 1582-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டவர்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பரில்தான், 2-ஆம் தேதிக்கு மறுநாளை 14 என்று அழைத்து, மாறினார்கள். ஆகவே ஒரே களத்தில் எதிரெதிரே நின்ற இரு படையினரும் வெவ்வேறு தேதிகளில் போரிட்டார்கள். இரு தரப்புக் குறிப்புகளுக்கும் பதினொரு நாள் இடைவெளி இருக்கவேண்டும். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது பிரசோற்பத்தி வருஷம். தமிழ் வருஷப் பெயரும் மாதமும் தேதியும் கிழமையும் ஐரோப்பியத் தேதியோடு அவர் எழுதிவைத்ததால், எந்த நாள் என்ற ஐயத்துக்கு அவரிடத்தில் இடமில்லை. வருஷப் பெயரை மட்டும் எழுதிச் சென்றவர்களோ அறுபதாண்டுச் சுழற்சியில் நம்மைத் தவிக்கவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது ஆண்டை இரண்டே இலக்கத்தில் சேமித்திருந்த கணிப்பொறிகள் தவித்ததும் இதே காரணத்தால்.

அரியலூரின் சிமெண்டு மூட்டைகளிலும் இவ்வாராய்ச்சிக்கு இடமுண்டு. எந்த வாரம், எந்த மாதம், எந்த ஆண்டு அடைக்கப்பட்டது என்பதை மூட்டையில் பொறிக்கவேண்டும். உலகத் தர நிர்ணயப்படி வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். மாவட்டம் முதலில் பிறந்த 2001 ஜனவரி 1 திங்கட்கிழமையாக வாய்த்ததால் வாரக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் அன்று ஒருங்கே தொடங்கின. 2021 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. அந்தத் தரத்தின்படி அது 2020-ஆம் ஆண்டின் 53-ஆம் வாரம். வாரத்தை ஒரு விதிப்படியும் ஆண்டை வேறொரு விதிப்படியும் எடுத்து அச்சிடும் நிரல், அன்று அடைத்த மூட்டையை 2021-ஆம் ஆண்டின் 53-ஆம் வாரத்துச் சரக்கு என்று, ஓராண்டு எதிர்காலத்துக்கு அனுப்பிவிடும்.

விதியைச் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்கும் ஒழுங்கு, கணிப்பொறித் துறையைவிடச் சட்டத் துறைக்கு முன்பே வந்துவிட்டது. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டம், மாதம் என்றால் பிரிட்டிஷ் நாட்காட்டி மாதம் என்று வரையறுத்து, கால வரம்பில் முதல் நாளை எந்தச் சொல்லால் விலக்குவது, கடைசி நாளை எந்தச் சொல்லால் சேர்ப்பது என்பதையும் கூறுகிறது. 454-க்கும் 455-க்கும் உள்ள வழக்கு அங்கே தீர்ந்துவிடுகிறது. 1875-ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டம், பிறந்த நாளை முழு நாளாகச் சேர்த்தெண்ணி, அந்நாளின் பதினெட்டாம் ஆண்டு நிறைவு தொடங்கும்போதே ஒருவர் மேஜராகிறார் என்கிறது. மத்திய அரசு ஊழியர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தின மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். ஜூன் 1-இல் பிறந்தவருக்கு மே 31, ஜூன் 2-இல் பிறந்தவருக்கு ஜூன் 30. எந்த நிரல்மொழியின் தேதித் தொகுதியிலும் இந்த விதி கிடையாது, இருக்கவும் நியாயமில்லை.

2004 பிப்ரவரி 29-இல், அரியலூர் மறுபடி பெரம்பலூருக்குள் அடங்கியிருந்த காலத்தில், அங்கே பிறந்த ஒருவர் எப்போது மேஜரானார் என்ற கேள்வி மட்டும் இன்னும் மீதியிருக்கிறது. 2022-இல் பிப்ரவரி 29 இல்லை. ஜாவா பிப்ரவரி 28 என்கிறது; ஜாவாஸ்கிரிப்டு மார்ச்சு 1 என்கிறது. பைத்தானில் அத்தேதியின் ஆண்டை மட்டும் 2022 என்று மாற்றச் சொன்னால், அப்படியொரு நாள் அந்த மாதத்தில் இல்லை என்று பிழை கூறி நின்றுவிடுகிறது. மூன்றில் இதைத்தான் நான் விரும்புவேன். ஏனெனில் நிரல் எழுதுபவர் அந்த இடத்தில் நின்று, இச்சான்றிதழுக்கு உரிய விதி யாது என்று வருவாய்த்துறை அலுவலகத்தைக் கேட்டு, அதைத் தம் கையாலேயே ஒரு வரியாக எழுதிச் சேர்க்க வேண்டியவராகிறார்.